ஐடில்ல உதறுது, 2500-ல பட்டு மாதிரி ஓடுது: மூணாவது சிலிண்டர் புதிர்

#1 ஈரோட்டு_வண்டி

எல்லாருக்கும் வணக்கம். 2013 மாடல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது.

காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு பிரச்சனையும் இல்ல. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிறது) 1300-ல நின்னு மெதுவா இறங்கும். பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சின் சூடானதும்தான் கூத்து ஆரம்பிக்குது. பெருந்துறை ரோடு சிக்னல்ல ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம, நின்னா கியர் ராடு ஆடுது, கப் ஹோல்டர்ல இருக்கிற தண்ணி பாட்டில்ல அலை அடிக்குது. முள் 800-க்கும் 1000-க்கும் நடுவுல தடுமாறுது. ஏசி போட்டா இன்னும் மோசம், ரெண்டு தடவை ஆஃப் ஆகிடுச்சு. லேசா ஆக்சிலரேட்டர் மிதிச்சா எல்லாம் மறைஞ்சிடுது. பைபாஸ்ல 90-ல போனா குறையே சொல்ல முடியாது.

இதுவரை செஞ்சது: நாலு பிளக்கும் புதுசு, ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) கிளீனிங் ரெண்டு தடவை, டேங்க்ல ஊத்துற கிளீனர் ஒரு பாட்டில். 7,400 ரூபாய் காலி. கடைசியா போன சர்வீஸ் சென்டர்ல த்ராட்டில் பாடியை மொத்தமா மாத்தணும், 22,000 ஆகும்னு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. மாத்தினா சரியாயிடுமான்னு கேட்டா "மாத்திப் பார்ப்போம் சார்"ங்கிறாங்க. அந்த "பார்ப்போம்"தான் என்னை இங்க கூட்டிட்டு வந்துச்சு.

#2 டீசல்_தம்பி

டீசல் வண்டி வாங்கியிருந்தா எப்பவுமே உதறும், சந்தேகமே வந்திருக்காது ப்ரோ.

#3 ஸ்பேனர்12

த்ராட்டில் பாடி கிளீன் பண்ணதும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது அளவைப் பழக்குற ரிலேர்ன் போட்டாங்களா? அது போடாம விட்டா இப்படித்தான் முள் ஏறி இறங்கும். இல்லாட்டி 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். 2013 வண்டி அதுக்குப் பண்ணது இல்ல. எனக்குத் தெரிஞ்சு பாதி பேர் வண்டி இப்ப இப்படித்தான் இருக்கு.

#4 மல்டிமீட்டர்

ஈ20-ஐ எல்லாத்துக்கும் சாக்கு சொல்லாதீங்க. எத்தனால் கூடினா அதே காத்துக்குக் கொஞ்சம் கூடுதலா எரிபொருள் தேவைப்படும், அவ்வளவுதான். எடையில ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்குக் காத்து 14.7 பங்கு, ஈ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆக்சிஜன் சென்சார் ஒழுங்கா இருந்தா ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், அதைத் தானா ஈடுகட்டிடும். அதோட பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் ஒண்ணுதான். கோளாறு பெட்ரோல்லன்னா நாலும் சேர்ந்து முனகணும்.

ஈரோடு நண்பரே, செக் லைட் எரிஞ்சுதா? 1,000 ரூபாய்க்குள்ள கிடைக்கிற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (ஈசியூ சொல்றதை போன்ல காட்டுறது) ஒண்ணு வாங்கி மாட்டுங்க. எஞ்சின் நல்லா சூடானதும் ஏசி ஆஃப்ல வச்சு என்ன கோடு இருக்கு, ஷார்ட் டெர்ம் – லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிறது) எவ்வளவு, மேனிஃபோல்ட் (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) பிரஷர் எவ்வளவுன்னு பாருங்க. ஐடில்ல ஒரு தடவை, 2500-ல பிடிச்சு வச்சு ஒரு தடவை. அது தெரியாம நாம பேசுறது எல்லாம் ஜோசியம்.

#5 யாழ்_சில்லு

எனக்கும் முந்தி இப்பிடி வந்தது. என்ர கார் எலெக்ட்ரோனிக் த்ரொட்டில். கராஜில கிளீன் பண்ணின பிறகு ஐடில் 1500-க்கு ஏறி நிண்டுட்டுது. கரி படிஞ்சு கிடந்த காலத்தில ஈசியூ பழகின அளவு அப்பிடியே இருந்ததால வந்த வினை. ஸ்கானர் போட்டு ரீசெட் பண்ண ஒரே நாளில சரி. ஆனா உங்கட கதை வேற மாதிரி இருக்கு. எனக்கு ஆர்பிஎம் கூடினதே தவிர உதறேல்ல. உதறல் எண்டால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யேல்ல எண்டுதான் நான் நினைப்பன்.

#6 ஈரோட்டு_வண்டி

டாங்கிள் வாங்கிட்டேன். போன வாரம் லைட் எரிஞ்சு தானா அணைஞ்சது, கோடு மட்டும் உள்ள உட்கார்ந்திருக்கு: பி0303. பெண்டிங்ல பி0300. சூடான பிறகு ஐடில்ல ரெண்டு ட்ரிம்மும் சேர்த்து +9, 2500-ல +6. மேனிஃபோல்ட் பிரஷர் ஐடில்ல 46 கிலோபாஸ்கல். இது நல்லதா கெட்டதா?

#7 ஸ்பேனர்12

0303-னா மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங், சரியா எரியல. 0300-னா எந்த சிலிண்டர்னு சொல்லாத மிஸ்ஸிங். பிளக்குக்கு கரண்ட் கொடுக்கிற காயில் போயிருக்கு. புதுசு வாங்கிப் போடுங்க, கேஸ் முடிஞ்சுது.

#8 மல்டிமீட்டர்

ஏன் வாங்கணும்? கையில நாலு காயில் இருக்கே. மூணாவது காயிலை ஒண்ணாவதுல போடுங்க, ஒண்ணாவது காயிலை மூணாவதுல. மூணாவது பிளக்கை ரெண்டாவதுல போடுங்க. கோடை அழிச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க. 0301 வந்தா காயில், 0302 வந்தா பிளக். 0303-யே திரும்ப வந்தா ரெண்டும் நிரபராதி. செலவு பூஜ்யம்.

பழைய பழக்கத்துல எஞ்சின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்காதீங்க. ஷாக் அடிக்கும், காயிலும் வீணாகும், எரியாத பெட்ரோல் நேரா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்க எரியும். எந்த சிலிண்டர் சோம்பேறின்னு பார்க்கணும்னா பெட்ரோல் அடிக்கிற இன்ஜெக்டரோட கனெக்டரை ஒவ்வொண்ணா கழட்டுங்க. நல்ல சிலிண்டரைக் கழட்டினா எஞ்சின் இன்னும் தடுமாறும். செத்த சிலிண்டரைக் கழட்டினா ஒரு மாற்றமும் இருக்காது.

செக் லைட் ஒரே மாதிரி எரியாம விட்டு விட்டு சிமிட்ட ஆரம்பிச்சா வண்டியை ஓரங்கட்டிடுங்க. மிஸ்ஸிங் கன்வெர்ட்டரையே காலி பண்ற அளவுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்.

46 கொஞ்சம் அதிகம். ஈரோடு உயரத்துக்கு இந்த மாதிரி எஞ்சின் சூடான ஐடில்ல 30-லிருந்து 36-க்குள்ள இருக்கணும். ஒண்ணு எங்கேயோ காத்து உள்ள போகுது, இல்ல ஒரு சிலிண்டர் பாரத்தை மத்த மூணும் சுமக்குது.

#9 ஈரோட்டு_வண்டி

மாத்திப் போட்டு மூணு நாள் ஓட்டினேன். அதே 0303. இன்ஜெக்டர் சோதனையும் செஞ்சேன், மூணாவது கனெக்டரைக் கழட்டினா லேசா ஒரு சிணுங்கல்தான். மத்த மூணுல எதைக் கழட்டினாலும் எஞ்சின் கிட்டத்தட்ட நின்னுடுது.

#10 ஸ்பேனர்12

அப்ப இன்ஜெக்டர் அடைப்பு. அல்ட்ராசோனிக் கிளீனிங்.

#11 மதுரை_பட்டறை

தம்பி, இன்ஜெக்டர் அடைச்சிருந்தா 2500-லயும் அந்த சிலிண்டர் இளைச்சுத்தான் கிடக்கும். மேட்டுல ஏறும்போது இன்னும் நல்லா தெரியும். இங்க மிதிச்சா சரியாகுது. அவசரப்படாதீங்க.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த வண்டியில கேஸ் கிட் இருந்துச்சா?

#12 ஈரோட்டு_வண்டி

இல்லக்கா, பெட்ரோல் வண்டிதான்.

#13 மதுரை_பட்டறை

இப்ப இருக்கான்னு கேட்கல. எப்பவாவது இருந்துச்சான்னு கேட்கிறேன். ஆர்சியை எடுத்துப் பாருங்க. அப்புறம் டிக்கி மேட்டைத் தூக்கி, தகட்டுல ஓட்டை போட்டு அடைச்ச தடம் இருக்கான்னு பாருங்க. இன்டேக் மேனிஃபோல்ட்ல ஒவ்வொரு குழாய்லயும் கேஸ் விடுறதுக்கு வச்ச பித்தளை ஸ்க்ரூ மாதிரி ஏதாவது துருத்திக்கிட்டு நிக்குதான்னும் பாருங்க.

#14 ஈரோட்டு_வண்டி

அக்கா, கும்பிடுறேன். ஆர்சியில "பெட்ரோல்/எல்பிஜி"ன்னு தெளிவா இருக்கு. வாங்கும்போது பேரையும் சேசிஸ் நம்பரையும் பார்த்தேன், அந்த வரியைப் பார்க்கவே இல்ல. டிக்கியில நாலு ஓட்டை, தார் பூசியிருக்கு. மேனிஃபோல்ட்ல நாலு பித்தளை முனை. அதுல ரெண்டை ஸ்க்ரூ போட்டு அடைச்சிருக்காங்க, ரெண்டை ஏதோ பசையை வச்சுப் பூசி விட்டிருக்காங்க. பசை வெடிச்சுக் கிடக்கு.

#15 ஸ்பேனர்12

சிக்கிச்சு! வேக்குவம் லீக். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். கார்ப் கிளீனரை அது மேல அடிங்க, ஆர்பிஎம் ஏறினா அதுதான்.

#16 மல்டிமீட்டர்

சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல கார்ப் கிளீனர் அடிக்கச் சொல்லாதீங்க, தீப்பிடிச்சா யார் பொறுப்பு? புகை ஏத்தி ஓட்டையைக் காட்டுற ஸ்மோக் மெஷின் இருக்கிற பட்டறையில 500, 600 ரூபாய்க்குப் பார்த்துடலாம். அது கிடைக்காட்டி ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி போதும். ஓட்டை மேல பட்டா எஞ்சின் சத்தம் ஒரு நொடி மாறும்.

ஆனா லீக் ஒண்ணே எல்லாத்துக்கும் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் வச்ச வண்டியில லீக் வந்தா, அளக்காத காத்து உள்ள போய் ட்ரிம் ஐடில்ல +20, +25-னு எகிறும், 2500-ல கிட்டத்தட்ட சாதாரணமாயிடும். உங்க வண்டி மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் வச்சு ஓடுறது. லீக்ல வர்ற காத்தால பிரஷர் ஏறும், அதைப் பார்த்து ஈசியூ பெட்ரோலையும் கூட்டிடும். அதனால ட்ரிம் பெருசா மாறாது, ஐடில் மட்டும் ஏறும். உங்க 1000-த்துக்கு அது காரணமா இருக்கலாம். உதறலுக்கு?

#17 ஈரோட்டு_வண்டி

ஸ்மோக் போட்டோம். பசை பூசின ரெண்டு முனையிலயும் ஊதுபத்தி மாதிரி புகை வந்துச்சு. ஒண்ணு மூணாவது குழாய். நாலையும் கழட்டி மரை போட்ட பிளக் வச்சு அடைச்சாச்சு. ஐடில் 1000-லிருந்து இறங்கி 800-க்கு வந்துடுச்சு. பிரஷர் 46-லிருந்து 41. சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

உதறல் அப்படியே இருக்கு. சொல்லப்போனா ஐடில் இறங்கினதுல இன்னும் நல்லா தெரியுது.

#18 டீசல்_தம்பி

ஆர்சியைப் படிக்காம வண்டி வாங்கினதுக்கு அபராதம் ப்ரோ.

#19 கார்பரேட்டர்_காலம்

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் பட்டறையில நின்னவன், ஸ்கேனர் எனக்கு ஆகாது, பேரன் காட்டினாத்தான் தெரியும். ஆனா இந்தக் கோளாறுக்கு ஸ்கேனரே வேண்டாம்.

ஒரு வேக்குவம் கேஜை மேனிஃபோல்ட்ல மாட்டி ஐடில்ல முள்ளைப் பாருங்க. நல்ல எஞ்சின்னா 18-லிருந்து 21 இன்ச்சுக்குள்ள அசையாம நிக்கும். காத்து லீக்னா முள் தாழ்ந்துபோய் ஒரே இடத்துல நிக்கும். ஒரு வால்வு உட்காரலைன்னா, 'டக்... டக்... டக்'னு தாளம் தப்பாம ரெண்டு மூணு இன்ச் விழுந்து விழுந்து எழும்பும். அந்தத் தாளத்தைப் பார்த்துட்டா அப்புறம் யாரும் காயில் விற்க முடியாது.

கேஜ் இல்லையா? நியூஸ்பேப்பர்ல நாலு விரல் அகலத்துக்குக் கிழிச்சு சைலன்சர் வாய்க்கு நேரா பிடிங்க. ஒழுங்கான எஞ்சின் காகிதத்தைச் சீரா வெளிய தள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு உட்காராத எஞ்சின் நடுநடுவுல வெடுக்குனு உள்ள இழுக்கும். இப்ப வர்ற கன்வெர்ட்டரும் ரெண்டு மப்ளரும் அந்த இழுப்பைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், ஆனாலும் பார்க்கலாம்.

கடைசியா கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை எவ்வளவு அழுத்துதுங்கிறது. அதையும் எஞ்சின் சூட்டோட எடுங்க.

#20 ஈரோட்டு_வண்டி

ஐயா, கம்ப்ரஷன் போன மாசமே எடுத்தாச்சு. 165, 168, 150, 166 பிஎஸ்ஐ. "பரவால்ல, ஓடின வண்டிதானே"ன்னு விட்டுட்டாங்க. காலையில வண்டியை விட்டுட்டு வந்தேன், ஆறின எஞ்சின்லதான் எடுத்திருப்பாங்க.

#21 கார்பரேட்டர்_காலம்

அதைத்தான் சொல்றேன். உங்க வண்டி காலையில நல்ல பிள்ளைன்னு நீங்களே முதல் பதிவுல எழுதியிருக்கீங்க. நல்ல பிள்ளையா இருக்கிற நேரத்துல விசாரிச்சா என்ன தெரியும்? அந்த 150-யே எனக்கு உறுத்துது.

நாலு பிளக்கையும் கழட்டணும். பெட்ரோல் பம்ப் ரிலேயை எடுத்துடணும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிக்கணும், பேட்டரி தெம்பா இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு சுத்து. அலுமினிய ஹெட், கொதிக்கக் கொதிக்கப் பிளக்கைத் திருகினா மரை கூடவே வந்துடும். கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் பதமா கழட்டுங்க. குறைவா காட்டுற சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப எடுங்க. ஏறினா பிஸ்டன் ரிங். ஏறலைன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட்.

#22 ஈரோட்டு_வண்டி

அண்ணன் ஒருத்தர் பட்டறையில உட்கார்ந்துக்கிட்டே டைப் பண்றேன்.

சூட்டுல: 172, 174, 104, 171.

ஆயில் விட்டு மூணாவதை மட்டும் திரும்ப எடுத்தோம்: 107.

அதோட விடல. மூணாவது பிஸ்டனை மேல உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை ஏத்தினார். ஆயில் மூடியைத் திறந்து காதை வச்சோம், அமைதி. த்ராட்டில் பக்கம் அமைதி. ரேடியேட்டர்ல குமிழி இல்ல. சைலன்சர்ல 'உஸ்ஸ்ஸ்'னு குக்கர் மாதிரி வருது.

#23 மதுரை_பட்டறை

எக்ஸாஸ்ட் வால்வு. நான் பயந்தது இதுதான்.

என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேஸ் வண்டி வச்சிருக்கிற எல்லாரும் படிங்க. எல்பிஜியும் சிஎன்ஜியும் உலர்ந்த எரிபொருள். பெட்ரோல் துளித்துளியா உள்ள போய் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சி கொடுக்கும், எரிஞ்ச பிறகு வால்வு உட்காருற சீட்டுல மெல்லிசா ஒரு படிவமும் விடும். கேஸ்ல அது ரெண்டும் கிடையாது. வால்வும் சீட்டும் உலோகத்துக்கு உலோகம் அடிச்சுக்கிட்டே இருக்கும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள்ள மேல ஏறி உட்காரும். வால்வு ஏறினா அதோட தண்டு, வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கரை நோக்கி நெருங்கும். அங்க விட்டிருக்கிற இடைவெளி, நம்ம பாஷையில டேப்பட் கேப், குறைஞ்சுக்கிட்டே வந்து ஒருநாள் இல்லாமலே போயிடும். அதுக்கப்புறம் வால்வு மூடுற மாதிரி இருக்கும், முழுசா மூடாது.

காலையில ஏன் நல்லா இருக்குன்னா, ஆறின தண்டு நீளம் கம்மி, மயிரிழை இடைவெளி மிச்சம் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் 1300-ல ஓடுறதும் குறையை மறைச்சிடும். சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு எழுநூறு டிகிரிக்குப் பக்கத்துல போகும், தண்டு நீளும், மிச்ச இடைவெளியும் போச்சு. இதுல இன்னொரு கொடுமை இருக்கு. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டுல உட்காரும்போதுதான் ஹெட்டுக்குக் கொடுக்கும். உட்காரலைன்னா சூடு இறங்காது. சூடு இறங்காட்டி ஓரம் எரியும்.

#24 மல்டிமீட்டர்

2500-ல ஏன் தெரியலைங்கிறதுக்கு ஒரு கணக்கு. 800 ஆர்பிஎம்ல ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்குக்கு 37 மில்லிசெகண்ட் ஆகும். 2500-ல 12 தான். அதே சந்துதான், காத்து தப்பிக்க நேரம் மூணுல ஒரு பங்கு. எரியாம வெளிய போன ஆக்சிஜனை சென்சார் பார்த்துட்டு "பெட்ரோல் பத்தலை"ன்னு நினைச்சதுதான் அந்த +9-ல பாதி.

அக்கா, நான் கேஸ் கிட் பத்தி யோசிக்கவே இல்ல. நீங்க கேட்காட்டி அடுத்து இன்ஜெக்டர் பக்கம்தான் போயிருப்பேன்.

#25 கார்பரேட்டர்_காலம்

2000-ல நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க இல்லையா, அப்ப பழைய கார்களுக்கு வால்வு சீட் தேயுதுன்னு லேத்துக்குப் போய் கெட்டி சீட் அடிச்சுட்டு வந்தது ஞாபகம் வருது. அந்த ஈயம்தான் சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. அதே வியாதி, வேற வாசல் வழியா வந்திருக்கு.

ஈரோடு தம்பி, உடனே ஹெட்டைக் கழட்ட விடாதீங்க. முதல்ல வால்வு கவரை மட்டும் திறந்து, ஆறின எஞ்சின்ல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. ஓரம் எரியாம இருந்தா கேப் வச்சதுமே பிழைச்சுக்கும்.

#26 ஈரோட்டு_வண்டி

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ராத்திரி பூரா வண்டியை பட்டறையிலயே விட்டு, காலையில கவரைத் திறந்தோம். என் வண்டியில ஸ்க்ரூவும் லாக்நட்டும் வச்ச ராக்கர், அது ஒரு அதிர்ஷ்டம். பக்கெட் டைப்பா இருந்திருந்தா கேம் ஷாஃப்ட்டைக் கழட்டி, அளந்து, தடிமன் பார்த்து மாத்தணுமாம். மேனுவல்ல எக்ஸாஸ்ட்டுக்கு 0.26-லிருந்து 0.30 மில்லிமீட்டர். அளந்தது (சிலிண்டருக்கு ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வு):

முதல் சிலிண்டர் 0.15, 0.14. ரெண்டாவது 0.16, 0.15. நாலாவது 0.15, 0.13. மூணாவதுல ஒண்ணு 0.10, இன்னொண்ணுல 0.04 தகடுகூட நுழையல.

ஆக ஒண்ணு மட்டும் கெடல, எட்டு எக்ஸாஸ்ட் வால்வும் கெட்டுக்கிட்டு வந்திருக்கு, ஒண்ணு முந்திக்கிச்சு. இன்டேக் எல்லாம் கிட்டத்தட்ட அளவுக்குள்ள இருந்துச்சு. எக்ஸாஸ்ட் எல்லாத்தையும் 0.30-க்கு வச்சார். கவர் கேஸ்கெட் 900, கூலி 1,700. மொத்தம் 2,600 ரூபாய்.

அன்னிக்கே சூட்டுல கம்ப்ரஷன்: 174, 174, 149, 172. நாலு நாள் ஓட்டிட்டு மூணாவதை மட்டும் திரும்ப எடுத்தோம்: 158. ஐடில் 780-ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. பிரஷர் 33. ட்ரிம் +4. ஏசி போட்டா ஒரு சின்ன மூச்சு, உடனே நேராயிடுது. பாட்டில்ல அலை இல்ல.

முழுசா குணமாகலன்னு எனக்கும் தெரியும். 174-க்கும் 158-க்கும் இடையில இருக்கிறது வால்வு ஓரத்துல பட்ட காயம்னு அண்ணன் சொன்னார். 10,000 கிலோமீட்டர்ல திரும்ப கேப் அளக்கணும், மறுபடியும் குறைஞ்சிருந்தா ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங்தான். கேஸை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, இனிமே வேகமா தேயாதுன்னு நம்பிக்கை.

ஒரு சந்தேகம்: இப்ப எஞ்சின்ல லேசா 'டிக் டிக்'னு சத்தம் வருது. முன்ன இல்ல.

#27 மதுரை_பட்டறை

அது டேப்பட் சத்தம். தைரியமா ஓட்டுங்க. கேப் இருந்தா சத்தம் போடும், கேப் இல்லாதது சத்தம் போடாது. பட்டறைக்கு வந்து "வண்டி சத்தமே இல்லக்கா"ன்னு பெருமையா சொல்ற கேஸ் வண்டிக்காரங்களைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

#28 யாழ்_சில்லு

நல்ல செய்தி. அந்த 22,000-க்கு என்ன சொன்னியள்?

#29 ஈரோட்டு_வண்டி

"பார்ப்போம்"னு சொல்லிட்டேன் அண்ணே.

#30 ஸ்பேனர்12

அக்கா, ஒண்ணு கேட்கணும். என் வண்டியும் சிஎன்ஜிதான். 70,000 ஓடியிருக்கு, இதுவரைக்கும் வால்வு கவரைத் திறந்ததே இல்ல. உதறல் எல்லாம் எதுவும் கிடையாது. ஆனா போன வருஷம் வரைக்கும் காலையில டேப்பட் சத்தம் கொஞ்சம் வரும். இப்ப சுத்தமா வர்றதில்ல.

#31 மதுரை_பட்டறை

ராத்திரி நிறுத்தின வண்டியை ஸ்டார்ட் பண்ணாம அப்படியே வைங்க. பக்கத்துல இருக்கிற பட்டறையில ஃபீலர் கேஜோட ஒரு ஆளைக் காலையில வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அளவை இங்க போடுங்க தம்பி.